காவேரிக்கு நம்ம வீட்டுச் சீர்

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. பெங்களூர்லேர்ந்து வர்றவன் கையில தண்ணி பாட்டில் இல்லாம இருக்குமா? குடிச்சு முடிச்சிட்டியா? அப்படியே ஆத்துல வீசு. கூச்சப்படாத. ஆடி மாசத்துல ஸ்ரீரங்கத்துப் பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவேரிக்குப் புடவை, மாலைன்னு சீர் கொடுக்குறாரு. நாம கைய வீசிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? அதான் காதோலை கருகமணிய பிளாஸ்டிக் கவரோடயே விடுறோம். படித்துறையில முழுக்குப் போட்டுட்டு, கட்டியிருந்த பாலியஸ்டர் புடவையையும் அங்கேயே விட்டுட்டு வர்றோம். பெருமாளுக்கு இம்புட்டு தாராளம் வருமா?

என்ன, அம்மாம் பெரிய கவர மீனு எப்படித் திங்கும்? அந்தக் கவலை உனக்கு வேணாம். வெயில் காய்ச்சி, கல்லு தேய்ச்சி, அது தானா பொடியாயிடும். அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ வந்துட்டா மைக்ரோபிளாஸ்டிக்குன்னு பேரு வெச்சிருக்காங்க. கெண்டைக்கு அது இரையா, குப்பையான்னு தெரியுமா? முழுங்கிடும். வயிறு ரொம்புன மாதிரி இருக்கும், உடம்புல ஒண்ணும் ஒட்டாது. குடல் புண்ணாகும். ரொம்பப் பொடிசா இருந்தா குடல் சுவரையே தாண்டி உள்ள போயிடும். பிளாஸ்டிக்கு செய்யறப்ப சேத்த ரசாயனமும் கூடவே கசியும்.

நீதான் கண்ணம்பாடி அணைப் பக்கம் போயி மீன் வறுவல் தின்னு போட்டோ போடுறவனாச்சே, உனக்கு ஒரு சேதி சொல்றேன். உங்க ஊரு இந்திய அறிவியல் கழகத்துல உபேந்திர நோங்தொம்பான்னு ஒரு பேராசிரியர். அவருக்கும் உன்னை மாதிரியே நாக்கு. அந்த அணைக்கரை வறுவல்னா உசுரு. தின்னோமா, கைய கழுவுனோமான்னு இருக்க வேண்டிய மனுசன், மீனு உடம்பு ஏன் கோணலா இருக்குன்னு யோசிச்சுப்புட்டாரு. படிச்சவங்களோட சேர்ந்தா சோறு இறங்காதுங்கறது இதுக்குத்தான்.

தேங்குன எடம், மெதுவா நகர்ற எடம், வேகமா ஓடுற எடம்னு மூணு எடத்துல தண்ணிய மொண்டுட்டு வந்து, அதுல வரிக்குதிரை மீனோட கருவ விட்டுப் பாத்தாங்க. 2022-ல கட்டுரையா வந்துச்சு. தேங்குன தண்ணியிலயும் மெதுவா நகர்ற தண்ணியிலயும் இருந்ததுக்கு எலும்பு கோணல், டி.என்.ஏ. சிதைவு, இதயத்துல பழுது. கிருமிய வடிகட்டுனப்புறமும் அதே கதிதான். அப்புறம் துருவிப் பாத்தா, தண்ணியில மைக்ரோபிளாஸ்டிக்கும் இருக்கு, சைக்ளோஹெக்சைல் ஐசோசயனேட்டுன்னு ஒரு ரசாயனக் கூறும் இருக்கு. அந்தப் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு மிச்சமிருக்கற பல்லும் ஆடிப்போவுது. ரெண்டுல எது எவ்வளவு கெடுத்துச்சுங்கறத அவங்க பாத்துக்கட்டும்.

காவேரியில ஒரு டி.எம்.சி. குறைஞ்சா நாம ரோட்டுல உக்கார்றோம். இந்த பிளாஸ்டிக் பொடிக்கு மட்டும் எந்த நடுவர் மன்றமும் பங்கு பிரிக்கல. பத்தாததுக்கு, வழியில இருக்கற ஊரெல்லாம் சாக்கடையில தன் பங்க சேத்து விடுது. இதுல நமக்குள்ள சண்டையே கிடையாது.

குடல எடுத்துட்டுத்தானே குழம்பு வெக்கிறோம்னு சிரிக்கற. விராலுக்குச் சரி. அயிரைக்கு? அத முழுசாத்தானே போடுறோம். உசுரோட பால்ல விட்டா வயித்து மண்ணக் கக்கிடும்னு உங்க அத்தை சட்டி நிறைய விடுவா. பிளாஸ்டிக்கையும் கக்குமாடீன்னு கேட்டேன். பதிலே சொல்லாம பால் கவரோட மூலையப் பல்லால கடிச்சு, ஓரமாத் துப்பிட்டு, சட்டியில ஊத்துறா. கொல்லைப் பக்கம் வாய்க்கால். துப்புனது எங்க போச்சுன்னு நான் கேக்கல. எனக்கு ராத்திரி சோறு வேணும்.

மஞ்சப்பையோட பஸ் ஏறுனா என்னைப் பட்டிக்காட்டான்னு சிரிச்சவனுங்கதானே நீங்க? 2019 சனவரி 1-லேர்ந்து கேரி பேக்குக்குத் தடை போட்டு, 2021 டிசம்பர்ல அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு கெளம்புச்சு. நான் மாறவே இல்லடா, நாடுதான் சுத்திக்கிட்டு என் பின்னால வந்து நிக்குது. தடை போட்டும் கடைத்தெருவுல கவர் கெடைக்குதேன்னு கேக்காத. அது மீனு கேக்க வேண்டிய கேள்வி.

சரி, எந்திரி. சந்தையில கெண்டை வந்திருக்கும். அந்தத் தூக்குவாளிய எடுத்துக்க. மீன்காரம்மாகிட்ட கவர் கேட்டுறாத. எங்க வீட்டு மாப்ளே பெங்களூர்ல பெரிய படிப்பு படிச்சவர்னு அவகிட்ட பெருமையா சொல்லி வெச்சிருக்கேன்.