இன்னொரு வழி இருக்கு

கணக்குக்கு விடை வந்துவிட்டால் பிள்ளைகள் நோட்டை மூடுவார்கள். இவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

இருபது முப்பது வீடுகள் சேர்ந்த எந்தக் குடியிருப்பிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாக இருப்பார். இல்லையென்றால் தொலைபேசித் துறை, மின்வாரியம். கணக்கு வாத்தியாராக மட்டும் இருக்க மாட்டார். வாத்தியாருக்கு ஓய்வு என்றால் கணக்கிலிருந்தும் ஓய்வு. இவருக்கோ சர்வீஸ் முழுக்கக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்த பழியைத் தீர்த்துக்கொண்டாக வேண்டும். சட்டைப்பையில் பேனா இருக்கும், தாள் இருக்காது. ஆகவே மருந்துக்கடை ரசீது, மளிகை லிஸ்ட், கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் எக்ஸும் ஒய்யும் ஏறி உட்கார்ந்திருக்கும். முகூர்த்த நேரம் பார்க்கப் பத்திரிகையைத் தேடும் மனைவி கையில் ஓர் இருபடிச் சமன்பாடுதான் முதலில் அகப்படும்.

எங்கள் குடியிருப்பில் இருப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘இன்னொரு வழி அங்கிள்’.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவார்கள். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டிக்குத் தயாராகிறார்களாம். அதில் வகுப்புக்குத் தக்கபடி காஸ், காப்ரேகர், பாஸ்கரா, ராமானுஜன் என்று பிரிவுகள் உண்டு. அங்கிளின் வயதுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. அதனால் எல்லாப் பிரிவிலும் கலந்துகொள்வார்.

ஒரு நாள் வந்த கணக்கு இது: ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள், அதன் கனத்திலிருந்து அந்த எண்ணையே கழி, வருவது எப்போதும் ஆறால் வகுபடும் என்று நிரூபி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே பட்டியல் போட ஆரம்பித்தான். இரண்டுக்கு 6, மூன்றுக்கு 24, நான்குக்கு 60, ஐந்துக்கு 120. “எல்லாமே வகுபடுது, அங்கிள். இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும்?” என்றான். பத்தாம் வகுப்புப் பெண் அவன் தலையில் செல்லமாகக் குட்டிவிட்டு, கோவையைக் காரணிகளாகப் பிரித்தாள். அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் வந்தது. மூன்றில் ஒன்றாவது இரட்டை எண், ஒன்று கட்டாயம் மூன்றின் மடங்கு. முடிந்தது. நான்கே வரி. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பிரமாதம்!” என்றார் அங்கிள். பிள்ளைகள் நோட்டை மூடப் போனார்கள்.

“ஆனா, இன்னொரு வழி இருக்கு.”

அந்த வழி, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் தொகுத்தறிதல் முறை. அது முடிந்ததும், “பத்தாங்கிளாஸ் புக்குலதான் மட்டு எண்கணிதம் இருக்கே, அதை எதுக்கு வெச்சிருக்கான்?” என்று சொல்லி, ஆறால் வகுத்தால் வரக்கூடிய மீதி ஆறையும் ஒவ்வொன்றாக விசாரித்து அனுப்பினார். அதற்குள் கொசு வந்துவிட்டது. நான்காவது வழிக்குப் போனபோது இரண்டு பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை.

நான்காவது வழி உண்மையிலேயே அழகு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். “நம்ம அசோசியேஷன்ல 24 வீடு. வீட்டுக்கு ஒருத்தர். அதுல மூணு பேரைப் பொறுக்கி ஒரு கமிட்டி போடணும். எத்தனை விதமாப் போடலாம்? இருபத்துநாலையும் இருபத்துமூணையும் இருபத்திரண்டையும் பெருக்கி ஆறால வகு. ஆறால வகுபட்டுத்தானேடா ஆகணும்? அரைக் கமிட்டின்னு ஒண்ணு கிடையாதே!” பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்த மூன்றும் அடுத்தடுத்த எண்கள். 23-இன் கனத்திலிருந்து 23-ஐக் கழித்தால் வருவதும் அதே பெருக்கல்தான். வகுத்துப் பார்த்தால் சரியாக 2024. ஆக, எங்கள் குடியிருப்பில் 2024 விதமாகக் கமிட்டி அமைக்கலாம். அத்தனை விதத்திலும் செயலாளராக இருக்கச் சம்மதிக்கும் ஆள் ஒருவரும் கிடையாது.

அந்தப் பெண் மறுவாரமே பள்ளித் தேர்வில் இந்தக் கமிட்டி முறையை எழுதிவிட்டு வந்தாள். விடைத்தாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பியது. ஸ்டெப் மார்க் கொடுக்க ஸ்டெப்பே இல்லையே என்று டீச்சருக்கு வருத்தம். “யாரும்மா இதை உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டிருக்கிறார்கள். “அசோசியேஷன், மிஸ்” என்றாளாம்.

அங்கிளுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: போட்டுப் பார்ப்பது. எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து விடை கண்டுபிடிப்பவனை, சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வந்தவனைப் போலப் பார்ப்பார். இன்னொரு நாள் வந்த கணக்கு: இரண்டு மிகை முழுக்கள். அவற்றின் பெருக்கல், முதல் எண்ணின் மூன்று மடங்கையும் இரண்டாவதன் ஐந்து மடங்கையும் கூட்டினால் வருவதற்குச் சமம். அப்படிப்பட்ட ஜோடிகள் எத்தனை? அங்கிள் கண்ணை மூடி, இரண்டு பக்கமும் 15-ஐக் கூட்டினார். சமன்பாடு மடங்கி இரண்டு அடைப்புக்குறிக்குள் அடங்கி உட்கார்ந்தது: எக்ஸ் கழித்தல் ஐந்து, ஒய் கழித்தல் மூன்று, இரண்டின் பெருக்கல் பதினைந்து. பதினைந்தின் காரணிகளைப் பங்குபோட்டால் நான்கு ஜோடிகள்.

“அந்தப் பதினைஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு, அங்கிள்?” என்று அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கேட்டாள். அன்று சாயங்காலம் மாடியில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான் என்பது என் கட்சி. மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் பதினைந்து என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொப்பியிலிருந்து முயலை எடுத்தவர் தொப்பியை யாருக்குக் காட்டுவார்? “அது வராதும்மா, வரவழைக்கணும்!” என்றார்.

இதற்குள் பட்டியல் பையன் 6, 8, 10, 20 என்று நாலு எக்ஸையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். அங்கிள் விடவில்லை. “இருபதுக்கு மேல இல்லைன்னு எப்படிடா சொல்றே?”

“பசிக்குது, அங்கிள்.”

இப்படிப்பட்ட நேரத்தில் அவர் ராமானுஜனை வரவழைப்பார். 1914-இல் கேம்பிரிட்ஜில் நடந்த கதை. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ராமானுஜன் அறைக்குச் சாப்பிடப் போகிறார். ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ், ஸ்டிராண்ட் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை வாசிக்கிறார். ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அது எத்தனையாவது வீடு? ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னாராம். 288 வீட்டில் 204-ஆவது என்ற விடை மட்டுமல்ல, தெரு எவ்வளவு நீளமானாலும் அதற்குரிய விடை எல்லாம் அதற்குள் இருந்தன. எட்டு வீட்டுத் தெருவில் ஆறாவது, 49 வீட்டுத் தெருவில் 35-ஆவது. “பார்த்தியா? அவன் ஒரு வீட்டைக் கேட்டான், இவர் எல்லாத் தெருவையும் குடுத்துட்டார்!” என்னும்போது அங்கிளின் குரல் தழுதழுக்கும்.

பட்டியல் பையன் யோசித்தான். “அந்த மகலனோபிஸுக்கு விடை தெரியாதா, அங்கிள்?”

அங்கிள் தொண்டையைச் செருமினார். பொய் சொல்லத் தெரியாதவர். “தெரியும். அவர் சும்மா போட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சிருந்தார்.”

“அப்புறம் அவர் என்ன ஆனார்?”

“கல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பிச்சார்.”

பையன் வெகு திருப்தியோடு அடுத்த பட்டியலுக்குக் கோடு போட ஆரம்பித்தான்.

ராமானுஜன் கதையின் விளைவு வீட்டிலும் உண்டு. அடுப்பருகே நின்றால் மூளை வேலை செய்யும் என்று நம்பி, ஒரு நாள் கத்தரிக்காய் வதக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கினார். தொடர் பின்னம் வரவில்லை, புகை வந்தது. “ஏங்க, அந்த மனுஷன் கிளறிக்கிட்டே சொன்னாருன்னுதானே சொன்னீங்க? கிளற வேணாமா?” என்று மனைவி கேட்டது மூன்றாவது மாடிவரை கேட்டது. பலாப்பழக் கடையிலும் அப்படித்தான். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைக் கணக்கு வரும் என்று கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் இருக்கிறது. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சார், வாங்கப் போறீங்களா, எண்ணப் போறீங்களா?” என்றார்.

போன மாதம் குடியிருப்பில் கேரம் போட்டி. வீட்டுக்கு ஒருவர், 24 பேர், தோற்றவர் வெளியே. மொத்தம் எத்தனை ஆட்டம் என்று அட்டவணை போடும் வேலை அங்கிளுக்கு வந்தது. இரண்டின் அடுக்குகளை எழுதினார். 24 அதில் அடங்கவில்லை. பன்னிரண்டு, ஆறு, மூன்று என்று இறங்கி வந்து, மூன்று பேரில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிறவர் யார் என்ற இடத்தில் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஏற்கெனவே வேறு கணக்கு இருந்தது. இரண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஒருத்தர் ஜெயிக்கணும்னா 23 பேர் தோக்கணும்ல? அப்ப 23 கேம்தானே, அங்கிள்?”

அவர் தாளைப் பார்த்தார். பொடிசைப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார், 23-தான். “சரிதான். ஆனா நீ ஸ்டெப் எழுதலையே” என்றார்.

போட்டி நடந்தது. முதல் சுற்றிலேயே வெளியேறிய 12 பேரில் அங்கிளும் ஒருவர். சிவப்புக் காய் குழிக்கு நேராக, விரற்கடை தூரத்தில் நின்றது. தட்டினாலே விழுந்திருக்கும். அவர் ஸ்டிரைக்கரை எதிர்ச் சுவரில் மோதி, பக்கச் சுவரில் மோதித் திரும்ப வரவழைத்து அடித்தார்.