மாவுக்கு இடமில்லை

“கம்ப்ரசர் போச்சு சார்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போன கொதிப்பு அடங்குவதற்குள், கட்டுரைக்காரரின் வாட்ஸ்அப்பில் மைத்துனரின் வீடியோ வந்து விழுந்தது. மண்ணால் செய்த ஃபிரிட்ஜ். “மச்சான், பேசாம இதை வாங்கிப் போடுங்க. கரன்ட் பில்லே வராது.”

வீடியோவில் புளுகு ஏதும் இல்லை என்பதுதான் எரிச்சல். குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி குயவர் குடும்பத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் தேறவில்லை. டீக்கடை வைத்தார், ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், 1988-இல் கடன் வாங்கி ரொட்டி சுடும் மண் தவா செய்யத் தொடங்கினார். 2001 ஜனவரி நிலநடுக்கத்தில் ஊர்ப் பானைகள் நொறுங்கியபோது, ஒரு பத்திரிகை உடைந்த பானையின் படத்தைப் போட்டு ‘ஏழையின் ஃபிரிட்ஜ்’ போயிற்று என்று எழுதியது. நிஜ ஃபிரிட்ஜையே மண்ணில் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. விதவிதமான மண்ணைக் கலந்து பார்த்து, சில வருடங்களில் ‘மிட்டிகூல்’ செய்துவிட்டார். அப்துல் கலாம் பாராட்டினார்.

மேல் அறையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது மண்சுவரில் கசிந்து ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கை உள்ளே இருக்கும் தக்காளியிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். காய்கறி நாலைந்து நாள் வாடாது. முன்பக்கக் குழாயைத் திருகினால் குடிக்கக் குளிர்ந்த நீர்.

இது தம் வீட்டுக்கு ஏன் சரிப்படாது என்பதற்குக் கட்டுரைக்காரரிடம் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காற்று. வாங்கானேர்ப் பக்கத்துக் கோடை வறண்டது. நீர் சட்டென்று ஆவியாகும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிறது. சட்டையே காயாத ஊரில் சுவர் எங்கே காயப் போகிறது?

இரண்டாவது, இடம். மிட்டிகூலில் இருப்பவை சின்னச் சின்னத் தட்டுகள், ஃப்ரீசர் கிடையாது. செத்துப்போன ஃபிரிட்ஜிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இறங்கியவற்றைப் பாருங்கள். புளித்துப் பொங்கும் மாவு. புளிக்காத மாவு. எதுவென்று யாருக்கும் தெரியாத மாவு. ஐஸ்கிரீம் டப்பா, உள்ளே கறிவேப்பிலை. நெய் டப்பா, உள்ளே புளிக்காய்ச்சல். கறிவேப்பிலை டப்பா, உள்ளே பூட்டுச் சாவி. மரக்கட்டையாகிவிட்ட அரை எலுமிச்சை. பார்சலோடு வந்த சாஸ் பாக்கெட்டுகள், ஒரு பை நிறைய. யார் கல்யாணத்தில் கொடுத்ததென்றே நினைவில்லாத மைசூர்பாகு. அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்திருக்கும். கண் சொட்டுமருந்து, நெயில் பாலிஷ், இரண்டு பேட்டரி. தேங்காய் மூடிகள், துருவுவார் இல்லாமல். ஒரு கரண்டி சாம்பாருக்கு ஒரு கிண்ணம். அதற்கு ஒரு மூடி. மூடி மேல் இன்னொரு கிண்ணம். அதில் அரைக் கரண்டி ரசம்.

“ஏங்க, அதக் கொட்டிடாதீங்க, ராத்திரிக்கு ஆகும்” என்றார் மனைவி. எந்த ராத்திரி என்று அவர் சொல்லவில்லை. நேற்று ராத்திரிக்கும் அது ஆகவில்லை. மண் ஃபிரிட்ஜ் செய்தவர், அன்றைக்கு வாங்கியதை அந்த வாரமே தின்றுவிடும் நல்லவர்களை நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்தத் தெருவில் யாரும் குடியில்லை.

மூன்றாவது காரணத்துக்கு வருமுன் மாவு பொங்கி மேசையில் வழிந்துவிட்டது. கட்டுரைக்காரர் தூக்குச்சட்டியோடு மாடி வீட்டுக்கு ஓடினார்.

“அதுக்கென்ன சார், தாராளமா வைங்க” என்றார் மாடி வீட்டம்மா. ஃபிரிட்ஜைத் திறந்து நான்கு டப்பாக்களை வெளியே எடுத்து இடம் பண்ணினார். பிறகு அந்த நான்கையும் கட்டுரைக்காரரின் கையிலேயே கொடுத்தார்.

“போன வெள்ளிக்கிழமை வச்ச வத்தக்குழம்புதான். கெடாது. சாப்பிட்டுப் பாருங்க.”