தசாவதாரத்தில் உப்பு: ஓர் ஆய்வு

2008 ஜூன் 13 அன்று வெளியான 'தசாவதாரம்' படத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்திருக்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. ஆய்வுலகம் அந்தப் பத்தை எண்ணி முடித்த களைப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பதினோராவதாக ஒரு பாத்திரமும் படத்தில் இருக்கிறது. அதற்கு ஒப்பனை இல்லை, வசனம் இல்லை, டூயட் இல்லை. ஆனால் கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுவது அதுதான். வேதியியலார் சோடியம் குளோரைடு என்பர். மளிகைக் கடையில் கல்லுப்பு என்று கேட்டால் தருவார்கள்.

இவ்வாய்வுக்காகப் படம் மூன்று முறை பார்க்கப்பட்டது: தியேட்டரில் ஒரு முறை, தொலைக்காட்சியில் இரு முறை. படத்தின் நீளம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விளம்பரங்களும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒன்றும் மிஞ்சாது. தியேட்டரில் கிடைத்த முதல் தரவு பாப்கார்ன். அதில் உப்பு தூக்கல். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று சொல்லிவைத்த முன்னோர், தண்ணீர் குடித்தவன் அப்புறம் எங்கே ஓடுவான் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். இடைவேளைக்கு முந்தைய அரை மணி நேரத்தில் அவ்விடைவெளி நிரப்பப்பட்டது.

படம் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் கோவிந்தராசர் சிலையைக் கடலில் போடச் சொல்கிறான். மறித்து நிற்கும் ரங்கராஜ நம்பியின் முதுகில் கொக்கி மாட்டித் தூக்கி, சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் இறக்குகிறார்கள். நம்பி கற்பனை. சிலை போன கதை கற்பனையல்ல. சோழ அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே அதைப் பாடி வைத்திருக்கிறார். ராமானுஜர் கோவிந்தராசரைக் கீழ்த்திருப்பதியில் எழுந்தருளச் செய்தார் என்பது வைணவர் மரபு. சிதம்பரத்துச் சன்னிதி 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர அச்சுதராயர் காலத்தில் மீண்டது. இன்றைக்கும் அக்கோயிலில் ஓரிடத்தில் நின்றபடியே நடராசரையும் கோவிந்தராசரையும் கும்பிடலாம். கழுத்தை மட்டும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

உப்புக் கணக்கில் இந்தப் பகுதி அளவோடு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆறுகள் வந்து விழுவதால் வங்கக் கடலில் சற்றுக் குறைவு. காட்சியிலும் அப்படித்தான். ஒரு மனிதனும் ஒரு கல்லும் மூழ்குகிறார்கள், கரிக்கவில்லை.

பிறகு அமெரிக்கா. ஒரு கிருமிக் குப்பி. உப்பு பட்டால் செத்துப்போகும் கிருமி. குப்பி சிதம்பரம் வந்து, கிருஷ்ணவேணிப் பாட்டியின் கையால் ஒரு பெருமாள் சிலைக்குள் விழுகிறது. சிலையைத் தூக்கிக்கொண்டு விஞ்ஞானி ஓட, பின்னால் வெள்ளைக்கார வில்லன் ஓட, அவர் பின்னால் தெலுங்கு மணக்கும் உளவு அதிகாரி ஓட, நாமும் ஓடுகிறோம். இவ்விடத்தில், கீரை ஆய்ந்துகொண்டே படம் பார்த்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, உப்புல செத்துப்போகும்னா அந்தக் குப்பியை உப்பு ஜாடியில உடைச்சுப் போட்டு மூட வேண்டியதுதானே?"

அந்தக் கணமே அவர் இவ்வாய்வின் நெறியாளராக நியமிக்கப்பட்டார்.

ஜாடி போதாது என்று படத்தின் தரப்பில் வாதிடலாம். சரி, சிதம்பரத்தில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் போய்விடலாம். அங்கே உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் சுமார் நூறு பேரும் திருச்சியிலிருந்து பதினைந்து நாள் நடந்தே போய் அங்கே உப்பு அள்ளினார்கள். அவர்களிடம் காரும் இல்லை, லாரியும் இல்லை. விஞ்ஞானிக்கு இரண்டும் கிடைத்தன. எல்லாவற்றையும் துரத்தலில் உடைத்துத் தீர்த்தார்.

படம் ஏன் நீண்டது என்பதற்கும் உப்பிலேயே விளக்கம் இருக்கிறது. கல்யாண வீட்டுச் சாம்பாரை நினைத்துப் பாருங்கள். அடுப்பைக் கடந்துபோகிற ஒவ்வொருவரும் ஒரு கை உப்பு போட்டால் என்ன ஆகும்? இங்கே பத்துப் பேர் கடந்துபோகிறார்கள். பத்துப் பேரும் ஒரே ஆள். கதையும் அவருடையதே, எனவே யாரும் கையைப் பிடிக்கவில்லை. பாடகர் அவதார் சிங்கின் தொண்டையில் பாய்ந்த தோட்டா, கூடவே புற்றுநோய்க் கட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறதே, அது எட்டாவது கையா ஒன்பதாவது கையா என்பதில் எனக்கும் நெறியாளருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

முடிவில் 2004 டிசம்பர் 26. வில்லன் கிருமியை விழுங்கிவிட, சுனாமி வந்து தன் உப்பால் கிருமியை அழிக்கிறது. கடலில் போன சிலையும் கரை ஒதுங்குகிறது. எட்டு நூற்றாண்டுக் கணக்கு நேர்.

இங்கே மட்டும் ஆய்வாளருக்குக் கேலி வரவில்லை. அந்த அலையின் உப்பு நாகப்பட்டினத்துக் கடலோர வயல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நெல் வராத மண்ணில் ஜிப்சம் போட்டு, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, அந்த உப்பைக் கழுவ வேண்டியிருந்தது. படத்தில் உலகைக் காத்த உப்பு இதே உப்புதான். பத்து வேடங்களுக்கு இடம் இருந்த படத்தில் அந்த வயல்காரருக்கு ஒரு ஷாட் இல்லை.

ஆய்வேட்டை நெறியாளரிடம் வாசித்துக் காட்டினேன். கீரை அடுப்பில் இருந்தது. கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அந்த நம்பி வர்ற கால் மணி நேரம் நல்லாருக்கு. அதை மட்டும் போடு, இன்னொரு தடவை பார்க்கிறேன். மத்ததுல உப்பு கூட."