டாக்டராகப் போகிறவர் டிக்கன்ஸ் படிக்கலாமா?

தமிழ்நாட்டில் இந்தக் கவலை பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே தீர்ந்துவிடும். ஃபர்ஸ்ட் குரூப்பா, ப்யூர் சயின்ஸா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து, மாமா ஒருவரின் தீர்ப்பு, அப்புறம் நீட், அப்புறம் ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ். பையனுக்கு மீசை முளைப்பதற்கும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் முளைப்பதற்கும் நடுவே அதிக காலம் கிடையாது. அமெரிக்காவில் பொதுவாக இது நடக்காது. அங்கே மருத்துவம் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பு. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பாடத்தை மேஜராக எடுத்து பட்டம் வாங்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரியின் வாசலில் போய் நிற்கலாம். எந்தப் பாடம் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இசை, சரித்திரம், நாடகம், லத்தீன், எதுவானாலும் சரி. இவ்வளவு பெரிய சுதந்திரத்தைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? எடிசன், ஃப்ரீமான்ட் போன்ற ஊர்களின் தமிழ் வீடுகளில் மட்டுமல்ல, அந்த நாடு முழுவதுமே, மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயாலஜி சார்ந்த மேஜரை எடுத்துவிட்டு, பத்திரமான முடிவு எடுத்த திருப்தியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த முடிவில் பத்திரம் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

மருத்துவக் கல்லூரிகள் கேட்பவை சில பாடங்கள் மட்டுமே. பயாலஜி, பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகியவை பெரும்பாலும் தலா ஒரு வருடம், லேபோடு சேர்த்து. பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கொஞ்சம் புள்ளியியலும் ஆங்கிலமும் உண்டு. பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும், அவ்வளவுதான். இவற்றை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் வயலினில் பட்டம் வாங்கினாலும் ஆட்சேபணை கிடையாது. பேரன் 'ப்ரீ-மெட்' படிக்கிறான் என்று ஊரில் பாட்டி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி ஒரு பட்டமே இல்லை. நாளை முதல் வாக்கிங் போகிறேன் என்பதைப் போல அது ஓர் உத்தேசம். இதற்கு மேல் எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு, இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் (அந்த எண்ணைச் சனி பகவானிடம் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்). அதன் நான்கு பகுதிகளில் ஒன்று உளவியலும் சமூகவியலும். இன்னொன்றில் அறிவியல் மருந்துக்கும் கிடையாது: இலக்கியம், தத்துவம், கலை, சமூகம் பற்றிய பத்திகளைக் கொடுத்து, இந்த ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பார்கள். 90 நிமிடத்தில் 53 கேள்விகள். செல்லின் உள்ளே நடப்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, பிரெஞ்சு ஓவியம் பற்றிய ஒரு பத்தியின் முன்னால் திருவிழாவில் தொலைந்தவனாக நிற்பது இங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். 2023-24 கல்வியாண்டில் எம்.டி. பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,500 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 23,000. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வருடம் இடம் இல்லை. முதல் வருடம் டாக்டர் கனவோடு கிளம்பி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் முதல் பரீட்சையில் மனம் திருந்தி, விண்ணப்பமே போடாமல் ஒதுங்கியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் எந்த மேஜர்காரர்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறது. அதில் இலக்கியம், தத்துவம் போன்ற கலைப்பாடக்காரர்கள் பயாலஜிக்காரர்களைவிடச் சற்று கூடுதல் விகிதத்தில் உள்ளே போகிறார்கள். கணிதக்காரர்களும் இயற்பியல், வேதியியல்காரர்களும் அப்படியே. மருத்துவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கட்டும் என்று உடல்நலம் சார்ந்த தொழில்முறைப் படிப்புகளை எடுத்தவர்கள்தான் சற்றே பின்தங்குகிறார்கள். வாசலுக்கு மிக அருகில் இடம் பிடித்து நின்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கதவு திறக்கிறது.

இதைப் படித்ததும் ஒரு தகப்பனார் இன்றிரவே மகளைக் கூப்பிட்டு, "அம்மாடி, நீ பிலாசஃபி எடு, அதில்தான் சான்ஸ் அதிகமாம்" என்று சொல்லக்கூடும். தயவுசெய்து வேண்டாம். அந்த அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. பயாலஜி வகுப்பில் பலர் வேறு வழி தெரியாததால் விண்ணப்பம் போடுகிறவர்கள். தத்துவ வகுப்பிலிருந்து மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவரோ, பிளேட்டோவையும் படித்துக்கொண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலும் தேறியவர். தேறாதவர் பிளேட்டோவோடு நின்றுவிட்டார். ஆகவே சல்லடையில் தங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, சல்லடைக்குப் புகழ் பாடக்கூடாது. அந்த எண்களிலிருந்து நியாயமாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: கலைப்பாடம் யாரையும் கெடுக்கவில்லை, பயாலஜி யாரையும் தூக்கிவிடவில்லை. சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது மொத்த மதிப்பெண் சராசரி, அடுத்து பயாலஜி, கெமிஸ்ட்ரி, இயற்பியல், கணிதம் நான்கையும் மட்டும் பிரித்துப் போட்ட இன்னொரு சராசரி, அப்புறம் எம்கேட். இந்த மூன்றும் நன்றாக இருந்தால் மேஜரின் பெயர் ஒரு சுவையான தகவல். மூன்றும் மோசமாக இருந்தால் அது அந்தச் சுவையைக்கூட இழந்துவிடும்.

இந்த அறிவியல் பாடப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்ற கதையே தனிக் கூத்து. 1910-ல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைதான் அமெரிக்க மருத்துவக் கல்வியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகள் ஆராயப்பட்டன. காசு கொடுத்தால் பட்டம் என்று நடந்துகொண்டிருந்த பல கடைகளுக்கு அது பூட்டுப் போட்டது. இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் தெரியாதவனை மருத்துவப் படிப்புக்குள் விடாதே என்று உரக்கச் சொன்னதும் அதுவே. சொன்ன ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் யார்? டாக்டர் இல்லை. விஞ்ஞானியும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு, கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவருடைய அண்ணன் சைமன் பெயர்பெற்ற மருத்துவ ஆராய்ச்சியாளர். இந்த வேலைக்கு அழைப்பு வந்தபோது, அண்ணன் என்று நினைத்துத் தன்னைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று ஆபிரகாமுக்கே சந்தேகம் வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அமெரிக்கப் பிள்ளைகள் அறிவியல் லேபில் கண் விழிப்பதற்குக் காரணமானவர்களில் ஒருவர், கல்லூரியில் ஹோமர் படித்த மனிதர்.

இந்தப் பட்டியல் முழுதும் இல்லாமலே டாக்டர் ஆக முடியுமா என்பதை நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-ல் சோதித்தே பார்த்தது. சில நல்ல கலைக் கல்லூரிகளில் இலக்கியமும் சமூகவியலும் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை, பட்டம் முடிக்கும் முன்பே, எம்கேட் இல்லாமல், முழு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இல்லாமல், இயற்பியலும் இல்லாமல் தேர்ந்தெடுத்தது. பயாலஜியும் பொது வேதியியலும் ஒரு வருடம், கோடையில் ஒரு குறுகிய பயிற்சி, அது போதும் என்றது. 2004 முதல் 2009 வரை படிப்பை முடித்து வெளியேறிய இவர்களை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் வந்தது. எனக்குச் சாதகமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் கலைப்பாடக்காரர்களின் மதிப்பெண் குறைவு, சொந்தக் காரணங்களுக்காக இடையில் விடுப்பு எடுத்தவர்களும் அவர்களில் அதிகம். ஆனால் வார்டுக்குப் போய் நோயாளியின் எதிரில் நின்ற பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைச் சிகிச்சைக்கும் மனநல மருத்துவத்துக்கும் போக விரும்பியவர்கள் கலைப்பாடத் தரப்பில் கூடுதலாக இருந்தார்கள். மற்றவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பெயர்களைச் சொல்லி மயக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் ஹரால்ட் வார்மஸை விட முடியவில்லை. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம், டிக்கன்ஸ் பற்றிய ஆய்வேடு, ஹார்வர்டில் ஆங்கிலத்தில் எம்.ஏ. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அவரை இரண்டு முறை வேண்டாம் என்றது. கொலம்பியா சேர்த்துக்கொண்டது. புற்றுநோய் மரபணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1989-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதனால் டிக்கன்ஸ் படித்தவரெல்லாம் ஸ்டாக்ஹோமுக்கு டிக்கெட் போடலாம் என்று ஆகாது. டிக்கன்ஸ் தடுக்கவில்லை என்று மட்டும் ஆகிறது. தென்னிந்தியப் பெற்றோரின் மகனான பால் கலாநிதி ஸ்டான்ஃபோர்டில் இலக்கியமும் மனித உயிரியலும் சேர்த்துப் படித்துவிட்டு மூளை அறுவைச் சிகிச்சைக்குப் போனவர். ஆபிரகாம் வர்கீஸ் வரிசையைத் தலைகீழாக்கினார்: சென்னை மருத்துவக் கல்லூரியில் முதலில் எம்.பி.பி.எஸ்., அமெரிக்காவில் டாக்டராகப் பல வருடம், பிறகு அயோவாவில் எழுத்துக்கலையில் பட்டம். மைக்கேல் கிரைட்டனையும் மறைக்கக்கூடாது. ஹார்வர்டில் மானுடவியல், அங்கேயே எம்.டி., அதன் பிறகு ஒரு நோயாளியைக்கூடத் தொழிலாகப் பார்க்காமல் டைனோசர் நாவல் எழுதப் போய்விட்டார். எந்தத் தாய்க்கும் கெட்ட கனவில் வரக்கூடிய உதாரணம்.

"அதெல்லாம் சரி, மெடிசின் கிடைக்காவிட்டால் ஆங்கில இலக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?" என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் பயாலஜியிடமும் அதையே கேட்க வேண்டும். மேற்படிப்பு இல்லாத வெறும் பயாலஜி பட்டத்துக்கு லேபில் உதவியாளர் வேலை கிடைக்கும். அதற்கு மேல் போக மறுபடியும் ஒரு படிப்பு தேவை. மாற்று வழி வேண்டும் என்றால் புள்ளியியலோ கணினியோ பொருளாதாரமோ பயாலஜியைவிட நன்றாகச் சோறு போடும். மருத்துவம் கிடைத்தால் மட்டுமே மதிப்புள்ள ஒரு பட்டத்தை, மருத்துவம் கிடைக்காமல் போனால் உதவும் என்று நம்பி எடுப்பது விசித்திரமான ஜாக்கிரதை. மருத்துவக் கல்லூரியின் முதல் வருடத்தில் பயாலஜிக்காரருக்குச் சுலபமாக இருக்குமே என்பது அடுத்த வாதம். இருக்கும், சில மாதங்களுக்கு. அதற்குள் எல்லோரும் சமமாக மூச்சுத் திணறத் தொடங்கிவிடுவார்கள். எஞ்சினியரிங் எடுத்துக்கொண்டு டாக்டரும் ஆகலாமே என்கிறவர்களுக்கு ஒன்று: கடினமான பாடம் என்பதற்காகச் சேர்க்கைக் குழு குறைந்த மதிப்பெண்ணைப் பெரிதாக மன்னித்துவிடாது. உண்மையாகவே பயாலஜியில் ஆசை இருப்பவர் பயாலஜிதான் எடுக்க வேண்டும். தவளையைப் பார்த்தால் பூரிக்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. பிடித்த பாடத்தில் மதிப்பெண் தானாக வரும், பிடிக்காததில் கெஞ்சினாலும் வராது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எந்த மேஜர் எடுத்தாலும் பெரும்பாலும் தப்ப முடியாதது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. 2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாட வகுப்பின் 350 மாணவர்களில் 82 பேர், பாடம் மிகக் கடினம், மதிப்பெண் மிகக் குறைவு என்று மனுக் கொடுத்தார்கள். 84 வயதுப் பேராசிரியரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. இலக்கியத் துறையில் இப்படி மனுப் போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் வருடம் முடிவதற்குள் மேஜரைச் சொன்னால் போதும். அதுவரை பிள்ளையிடம் என்ன மேஜர் என்று கேட்டு நச்சரிக்காதீர்கள். கெமிஸ்ட்ரியில் என்ன கிரேடு என்று கேளுங்கள். சேர்க்கைக் குழுவும் அதைத்தான் கேட்கப் போகிறது.