குறிப்பேட்டுச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! மென்பொருள் திசை எட்டும் வென்று, வென்ற எந்தத் திசையிலும் தங்கி எழுதும் சிறுமைக்கு ஆளாகாமல், இறக்குமதியும் ஏற்றுமதியும் இரு கண்களாக, ஆண்டு பதினான்காய் ஒரு குடைக்கீழ்க் கோலோச்சிவரும் குறிப்பேட்டுச் சக்கரவர்த்தியார், ஒப்பீட்டு அட்டவணை கொண்டான், பிளக்-இன் புரந்தான், எம் அருமை நண்பரின் புகழை அடியேன் சொல்லப் புகுந்தேன். கல்லில் வெட்ட வேண்டிய புகழ். ஆனால் கல்லில் வெட்டியதைப் பிறகு வேறு வடிவத்துக்கு மாற்ற வழியில்லை என்பதால் மன்னர் கல்லுக்கு ஒப்புதல் தரவில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

மன்னரின் ஆட்சி 2012இல் தொடங்கியது. சிவகங்கைச் சீமையில் தம் ஊர்க் கண்மாய், அதன் மறுகால் போய் விழும் அடுத்த கண்மாய், அதற்கும் அடுத்தது என்று சங்கிலியாய்க் கோத்துக் கிடக்கும் நீர்நிலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதத் திருவுளம் கொண்டார். மடைகளின் பெயர்கள், கழுங்கின் உயரம், எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் என்ற கணக்கு, எல்லாம் ஊர் நீர்ப்பாய்ச்சித் தாத்தா ஒருவரின் நினைவில் இருந்தன. நம்மைப் போன்ற சாமானியர்கள் பெட்டிக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக்கொண்டு நேரே அவர் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்போம். பாமரப் புத்தி! கறப்பதற்கு முன் பாத்திரத்தைத் தேர வேண்டாமா? செம்பா, பித்தளையா, விளிம்பு மடித்ததா என்று ஆராய வேண்டாமா? மாடு எங்கே போய்விடும்?

“மழைக்கு முந்தி வாங்க தம்பி, ஒவ்வொரு மடையாக் காட்டுறேன்” என்றாராம் தாத்தா. “இன்னும் சாஃப்ட்வேர் முடிவாகல தாத்தா” என்று மன்னர் பொறுமையோடு விளக்கினாராம். அவசரப்படும் முதுமைக்கும் நிதானம் காக்கும் இளமைக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இனித் திக்விஜயம். முதலில் யானைக் கொடி பறந்த எவர்நோட் என்னும் குறிப்புச் செயலியில் பாசறை அமைத்தார். உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்த 2020இல், இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை இட்டால் அதுவே இன்னொரு குறிப்புக்கு வாசலாகும் என்ற வித்தையால் புகழ்பெற்ற ரோம் ரிசர்ச்சின் மேல் படையெடுத்தார். ஐந்தாண்டுக்கு 500 டாலர் என்ற ‘நம்பிக்கையாளர்’ சந்தாவை ஒரே தவணையில் செலுத்தினார். எட்டே மாதத்தில் அங்கிருந்து கிளம்பினார். எஞ்சிய நான்காண்டு நான்கு மாதத்தை அந்நாட்டுக்கே இறையிலியாக விட்டுக்கொடுத்த அந்தக் கைக்குப் பாரியின் கை ஈடாகுமா? பாரி தேரைத்தானே கொடுத்தான்!

லாக்சீக், ஆப்சிடியன், ஸெட்லர், விம்விக்கி, டிட்லிவிக்கி ஆகிய தேசங்களை அடுத்தடுத்துக் கண்டு, கடைசியில் ஈமேக்ஸ் என்னும் மலைக்கோட்டையில் ஏறினார். நெதர்லாந்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் உருவாக்கிய ஆர்க்-மோட் அங்கேதான் இருக்கிறது. ஒரு கார்காலம் முழுவதும் அதன் அமைப்புக் கோப்பை 900 வரிக்கு இயற்றினார். பதினான்கு ஆண்டுகளில் அத்திருக்கரம் எழுதிய படைப்புகளுள் மிக நீண்டது அதுவே. செம்பதிப்பாக்க வேண்டிய நூல்.

மன்னரின் விரதம் எளிது: குறிப்புகள் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாகவே இருக்க வேண்டும். இதில் அவருக்குள்ள ஞானத்தை எதிரியும் மறுக்க மாட்டார். 2006இல் பிறந்த கூகுள் நோட்புக் 2012இல் மூடப்பட்டதையும், எவர்நோட்டின் இலவசக் கணக்கு 2023 டிசம்பரில் 50 குறிப்புகளுக்குள் சுருங்கியதையும் அவர் சொல்லக் கேட்டால் கல்லும் கரையும். “நிறுவனம் போகும், செயலி போகும், 1963இல் வகுத்த ஆஸ்கி எழுத்து நிற்கும்” என்று அவர் உபதேசிப்பார். வெறுங்கண்ணுக்கும் படிக்கத் தெரியவேண்டும் என்று ஜான் குரூபர் 2004இல் வகுத்த மார்க்டவுனே அவருக்கு வேதம்.

அந்த எளிமைக்கு அவர் செய்த சிறப்பைக் கேளுங்கள். ஒரு செயலிக்காகப் பத்திதோறும் 36 எழுத்து அடையாளக் குறி பொறித்தார். இன்னொன்றுக்காகக் கோப்பின் தலையில் பண்புகளின் பட்டியல் கட்டினார். வேறொன்றுக்காக நடுவே வினவல் நிரல் பதித்தார். இணைப்புக் குறியீடு எல்லாத் தேசத்திலும் ஒன்றல்ல என்பதால், எல்லா இணைப்புகளையும் ஆறு முறை அறுத்து ஆறு முறை கட்டினார். காவி உடுத்தியபின் சமஸ்தானத்துக்கு ஒரு நகையாகப் பூட்டிக்கொண்ட துறவியை இவரிடம்தான் கண்டேன். இன்று அந்தக் கோப்புகளை எந்தக் கணினியிலும் திறக்கலாம். வாசிக்க மட்டும் மன்னரே வர வேண்டும். ரகசியம் காப்பதில் அரசர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்.

கோப்புக்குப் பெயரிடும் நெறியிலோ அவர் மனுநீதி கண்டவர். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் சேர்த்து 12 இலக்கமா, நொடியையும் சேர்த்து 14 இலக்கமா என்ற வழக்கை ஒரு மாதம் முழுக்க விசாரித்தார். ஒரே நிமிடத்தில் இரண்டு குறிப்புகள் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவரை உறங்கவிடவில்லை. அந்த மாதத்தில் ஒரு குறிப்பும் பிறக்கவில்லை என்பது தற்செயல். நொடிக்குத் தீர்ப்பு அனுகூலமானது. நொடியின் அருமையை அவர்போல் அறிந்தவர் யார்?

இவரோடு ஒப்பிட்டால் நிக்லாஸ் லூமனின் நிலை பரிதாபத்துக்குரியது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1950களின் தொடக்கத்திலிருந்து 1990களின் பிற்பகுதிவரை மரப்பெட்டியும் காகிதச் சீட்டுமே அவருக்கு வாய்த்தன. ஏற்கெனவே ஒரு பக்கம் பயன்பட்ட தாளைக்கூட வெட்டிச் சீட்டாக்கிக்கொண்டார். சீட்டுக்கு ஓர் எண், அதிலிருந்து கிளைக்கும் சீட்டுக்கு எண்ணோடு ஓர் எழுத்து, தொடர்புள்ள சீட்டின் எண்ணைச் சுட்டும் ஒரு குறிப்பு. அவ்வளவுதான் கருவி. தேர்ந்தெடுக்க வேறொன்றும் இல்லாத அந்த வறுமையில் ஏறக்குறைய 90,000 சீட்டுகளை எழுதித் தள்ளும்படி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களையும் எழுதித் தொலைக்க நேர்ந்தது. நம் மன்னரோ லூமனின் முறையைப் பற்றி மட்டும் 214 கட்டுரைகளையும் எண்ணற்ற யூடியூப் காணொளிகளையும் தம் கருவூலத்தில் சேமித்திருக்கிறார். சீட்டு எழுதியவருக்குக் கிட்டாத பாக்கியம் சீட்டைப் பற்றி அறிந்தவருக்குக் கிட்டியது.

தாய்மொழிக்கு அவர் ஆற்றிய தொண்டையும் சொல்லாமல் விடலாகாது. பெயர் வந்த இடத்தையெல்லாம் தானே கண்டு இணைக்கத் துணைபுரியும் வசதி பல செயலிகளில் உண்டு. ‘கண்மாய்’ என்று தலைப்பிட்டால், உரையில் ‘கண்மாய்’ என்று வரும் இடங்களையெல்லாம் அது காட்டும். ஆனால் தமிழன் எழுதுவது கண்மாயில், கண்மாயை, கண்மாயிலிருந்து என்றல்லவா? வேற்றுமை உருபு ஏறியதும் யகர மெய் புள்ளியைத் துறந்து உயிரோடு கூடிவிடுகிறது; கருவி கைவிரிக்கிறது. ‘கோயில்’ இன்னும் அழகு. அதன் முதலெழுத்தின் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒற்றைக் குறியாகவும் இடலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுக்கியும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத கருவிக்கு அவை வேறு வேறு ஊர். இவ்வாறு ஒரே கோயில் கண்மாய் மன்னரின் ராஜ்யத்தில் இரண்டாகப் பெருகியது. ஊரில் இருப்பதே ஆக்கிரமிப்பில் பாதியாகிக் கிடக்கும் காலத்தில் கண்மாயை இரட்டிப்பாக்கிய ஆட்சி வேறு உண்டோ? நாலு வரி தாமே கையால் இணைத்திருந்தால் தீர்ந்துபோகும் இச்சிக்கலை அவர் அப்படி அற்பமாக முடிக்கவில்லை. தமிழின் வேற்றுமையைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வரட்டும் என்று கண்மாய்க் குறிப்புகளை ஒத்திவைத்துவிட்டார். மொழிப்பற்று என்றால் இது.

அவருடைய அரண்மனையில் காணத்தக்கது வரைபடக் காட்சி. குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கோடு. இருண்ட திரையில் நட்சத்திர மண்டலம் போல் அது மிதக்கும். விருந்தினர் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு அதைச் சுழற்றிக் காட்டுவார். நடுவில் சூரியனாய்ச் சுடர்வது ‘செயலி ஒப்பீடு’ என்ற குறிப்பு. அதைச் சுற்றி உற்பத்தித் திறன், உற்பத்தித் திறனுக்கான திட்டம், திட்டத்துக்கான வார்ப்புரு என்று கோள்கள். இத்தனை கோடுகளில் ஒன்றுகூட ஒரு மறுகாலின் தண்ணீரை இன்னொரு கண்மாய்க்குக் கொண்டுபோகவில்லை என்பார்கள் பொறாமைக்காரர்கள். நட்சத்திரத்திடம் போய்த் தண்ணீர் கேட்பார்களா?

அந்த வானத்தின் ஓரத்தில் ஒரு மங்கலான புள்ளி உண்டு. பெயர் சூட்டி, இணைப்பும் கொடுத்து, கோப்பு மட்டும் எழுதப்படாத தலைப்புகளை அக்காட்சி அப்படித்தான் வெளிறக் காட்டும். அது நீர்ப்பாய்ச்சித் தாத்தா. 2021 ஐப்பசியில் அவர் காலமானார். மன்னரின் விசுவாசத்தைப் பாருங்கள்: எத்தனை தேசம் மாறியும் அந்தப் புள்ளியை அவர் விட்டுவிடவில்லை, ஒவ்வொரு குடிபெயர்விலும் பத்திரமாகத் தூக்கிச் சென்றிருக்கிறார். இருபத்து மூன்று கோடுகள் வந்து அதில் முடிகின்றன. சொடுக்கிப் பார்த்தேன். தூய வெண்மையான பக்கம் திறந்தது. ஓர் எழுத்தின் களங்கமும் அதில் இல்லை.

சென்ற மழையில் கண்மாய் நிறைந்தபோது, எந்த மடையை முதலில் திறப்பது என்று கேட்க ஊரார் நாலு பேர் வந்தார்கள். தாத்தாவிடம் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தவர் இவர்தான் என்பது ஊருக்குத் தெரியும். மன்னர் அவர்களை அமரவைத்து, காபி கொடுத்து, இந்த மாதம் புதிதாக வந்திருக்கும் ஒரு செயலியைப் பற்றி ஒரு மணி நேரம் அருளினார்.

வாழ்க அவர் குடை. இத்தேர்வு சந்திராதித்தர் உள்ளளவும் நடப்பதாக.