முதலில் காதைக் கொடுங்கள்
(கேள்வி - பதில்)

பேருந்து நிலையத்தில் கைப்பிரதி கொடுக்கிறோம். வாங்கிய கையோடு கீழே போட்டுவிட்டுப் போகிறார்களே?
- வாசகர், நாசரேத்

அங்கேயே ஜவுளிக்கடை நோட்டீஸும் கிடந்திருக்குமே, பார்க்கவில்லையா? ஓடிப்போய் சீட் பிடிக்கிறவரிடம் நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்டால், அவர் மனசு ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கும். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், என்ன சோலியாக வந்தார் என்று விசாரியுங்கள். பேச்சு வளர்ந்தால் பிரதியைக் கொடுங்கள். வளராவிட்டால் பையை ஏற்றிவிட்டு வாருங்கள்.

படித்தவர்களிடம் வசனத்தை எடுத்தாலே சிரிக்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ஏதென்ஸில் பவுலைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். பெயர் தெரியாத தெய்வத்துக்கு அவர்கள் கட்டிய பலிபீடத்தைக் கவனித்து, அதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். மோசேயை விட்டுவிட்டு கிரேக்கக் கவிஞர்களைத் துணைக்கு அழைத்தார். அப்படியும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்கள், கொஞ்சம் பேர்தான் நம்பினார்கள். பவுலுக்கே அவ்வளவுதான்!

பாமர ஜனங்களுக்கு?
- உபதேசியார், தஞ்சாவூர்

உங்கள் ஊர்க்காரரையே கேட்கலாமே! 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், குறத்தி வந்து குறி சொல்லும் ஆட்டத்தை ஜனங்கள் ரசித்ததைப் பார்த்தார். அந்தக் குறத்தியையே கூட்டி வந்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றைக்கும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது?

ராபர்ட் டி நொபிலி காவி கட்டியது சரியா?
- வாசகி, மதுரை

1606-இல் மதுரைக்கு வந்த இந்த இயேசு சபைப் பாதிரியார் சந்நியாசியாக வாழ்ந்தார், மாமிசம் தொடவில்லை, தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். கூட இருந்த பாதிரியாரே அவர் மேல் புகார் எழுதினார். 1623-இல் போப்பாண்டவர் நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். உடை, உணவு, மொழி விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். ஆனால் சாதிப் பிரிவினைக்கும் இடம் கொடுத்தாரே, அதற்குச் சபை இன்னும் வட்டி கட்டுகிறது.

என் பகுத்தறிவு நண்பர், "உங்க சபையில சாதி இல்லையா?" என்று மடக்குகிறார்.
- ஆசிரியர், திருச்சி

மடக்கவில்லை, உண்மையைச் சொல்கிறார். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நாம். "ஆமாம், இருக்கிறது, தப்பு" என்று சொல்லுங்கள். அடுத்த சபைக் கூட்டத்திலும் எழுந்து அதையே சொல்லுங்கள். பிறகு உங்கள் நண்பர் கேட்பார்.

பக்கத்து வீட்டு பாயிடம் எப்படித் தொடங்குவது?
- குடும்பத் தலைவி, காயல்பட்டினம்

அவர் ஈசா நபியை மதிக்கிறவர். குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் நபியைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னீர்களோ, வாசல் சாத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறார். தினமும் பிரசங்கம் பண்ணிப் பார்த்துவிட்டேன்.
- வாசகி, தூத்துக்குடி

நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்ட கணவர்களைப் பேச்சில்லாமல், நடக்கையால் ஆதாயப்படுத்தச் சொன்னவர் பேதுரு. மாமியாரையும் வீட்டில் வைத்திருந்த மனிதர், அனுபவித்துத்தான் எழுதியிருப்பார்.

அரிசி, துணிமணி கொடுத்து ஆலயத்துக்கு அழைக்கலாமா?
- வாசகர், வேலூர்

கொடுங்கள், அதைச் சாக்கிட்டு அழைக்காதீர்கள். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உதவின கையாலேயே ஞானஸ்நானத்துக்குப் பேர் எழுதினால் அது வியாபாரம்.

மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கர் வைத்தால்தான் ஊழியம் நடக்கிறது என்கிறார் எங்கள் போதகர்.
- வாசகர், சென்னை

சென்னைச் சபை ஒன்றின் ஸ்பீக்கர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் தாய்க்கு உங்கள் ஸ்பீக்கர் எந்த நற்செய்தியையும் சொல்லாது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசலாமா?
- செவிலியர், நாகர்கோவில்

அனுமதி கேட்டுப் பேசலாம். பார்வையில்லாத பர்திமேயுவிடமே இயேசு, என்ன வேண்டும் என்று கேட்டார். பதில் அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டார். உங்கள் நோயாளிக்கு அந்த நேரம் வேண்டியது ஒரு வாய் வெந்நீராக இருக்கலாம்.

சீகன்பால்கின் வெற்றிக்கு என்ன காரணம்?
- மாணவி, தரங்கம்பாடி

1706-இல் உங்கள் ஊரில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி அவர். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இங்குள்ளவர்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றியும் கேட்டறிந்து ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அச்சிட மறுத்தார்கள். 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. அங்கே அச்சிட மறுத்ததை அவர் இங்கே உட்கார்ந்து படித்தார், காரணம் அதுதான்.

ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.
- வாலிபர் சங்கம், மார்த்தாண்டம்

இந்த வாரம் ஒருவரிடம் அரை மணி நேரம் அவர் கதையைக் கேளுங்கள். உங்கள் கதையை எடுக்காதீர்கள். அடுத்த வாரம் அவரே உங்களைக் கேட்கலாம். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.