வானத்து மாட்டுக்குச் சுழி பாக்கறது

ஏங்கண்ணு, அந்தச் சாமணத்தைக் கொஞ்சங் கீழ வெய்யி. மூணு நாளா நீயும் திண்ணைய உட்டு எந்திரிக்கல, உன்ற பிளேனும் கெளம்பக் காணோம். உங்கப்பத்தா வெச்ச காப்பித்தண்ணியில நீ பிரஷ்ஷக் கழுவிட்டே. அவ பாக்கறதுக்குள்ள நாந்தான் டம்ளரக் கமுத்தி ஊத்துனேன். அந்த நன்றிக்காவது நான் சொல்றத ஒருக்கா கேளு.

என்ன செய்யறே? நேட்டு. சண்டை பிளேனு, 72-ல ஒரு பங்கு அளவுப் பொம்மை. 1971 டிசம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகர்ல இருந்து கெளம்புன நிர்மல்ஜித் சிங் சேகோனோட நேட்டு. நல்ல சோலிதான், தப்புச் சொல்லமாட்டேன். விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்குன ஒரே ஆளு அவருதான். ஆனா றெக்கைக்கு அடியில இதென்ன சாமி, தீவாளிக்கு மொத நாளு பட்டாசுக் கடையாட்டத் தொங்குது? அக்கட்ட ரெண்டு ஏவுகணை, இக்கட்ட ரெண்டு ஏவுகணை, நடுவுல குண்டு வேற.

"போன பிளேன் கிட்டுல மீந்துது அப்பாரு, சும்மா கெடக்குதேனு மாட்டுனேன்"ங்கறே. அட, அட! மீந்துபோன ஏர்க்கலப்பை ஒண்ணு அட்டாலியில கெடக்குது, எடுத்தாரட்டுமா? அதையும் வாலுப் பக்கம் கட்டிப்போடு. போற வழியில மேகத்த உழுதுட்டுப் போகட்டும்.

உன்னய மாதிரி ஆளுங்களுக்கு ஒரே யோசனைதான் நான் சொல்லுவேன்: எதையும் விசாரிக்காதே. விசாரிச்சா ஆயுதம் கொறஞ்சு போகும். நேட்டு ஏவுகணை தூக்குன பிளேன் இல்லைனு தெரிஞ்சிரும். அதுக்கு இருந்தது ரெண்டே ரெண்டு ஏடன் பீரங்கி, குழல்வாய் 30 மில்லிமீட்டரு, ஒவ்வொண்ணுக்கும் 115 ரவை. தரையில அடிக்கற வேலைனா ரெண்டு குண்டோ கொஞ்சம் ராக்கெட்டோ தூக்கும். சேகோனுக்கு அன்னைக்குக் காவல் வேலை. பெஷாவர்ல இருந்து பாகிஸ்தானோட ஆறு சேபர் பிளேன் வந்து ஓடுதளத்து மேல குண்டு போடுது. குண்டு விழுகறப்பவே இவரு ஓடுபாதையில ஓட்டிக் கெளம்பறாரு. வானத்துல மறிச்சுச் சண்டை போடப் போறவரு எதுக்கு அடியில குண்டச் செமந்துட்டுப் போறாரு? ஒரம்பரை வந்து வாசல்ல நிக்கறப்ப உரல முதுகுல கட்டிக்கிட்டா வரவேற்கப் போவே?

இந்த பிளேனு என்னென்ன தூக்கும்னு பொஸ்தகத்துல ஒரு பட்டியலு இருக்குது பாரு, அதுதான் உன்னயக் கெடுத்தது. அது தூக்க முடியறதோட பட்டியலு. எங்கப்பங்கூட மூணு மூட்டை தூக்குவாரு. அதுக்காக அவரு கண்ணாலப் போட்டோவுல மூணு மூட்டைய வரைஞ்சு வெக்கறதா? எந்தத் தேதி, எந்தத் தளம், என்ன வேலைக்குக் கெளம்புச்சுனு மொதல்ல கேளு. அதுக்கப்புறம் றெக்கைக்கு அடியில என்ன இருந்துச்சுங்கறது தானா வரும். பெட்ரோல் தொட்டி மட்டும் ஒருவேளை இருந்திருக்கலாம். சண்டைனு வந்தா கழட்டி உட்டுட்டு ஓடற சாமான் அது. போட்டோ சாட்சி சொன்னா மாட்டு, சொல்லலீன்னா உடு.

பீரங்கி எங்க இருக்கும்னு கேட்டியே, காத்து உள்ள போற வாய் ரெண்டு பக்கமும் இருக்குதல்ல, அந்தக் கன்னத்துல. பக்கத்துக்கு ஒண்ணு. உன்ற அளவுக்குக் குழல்வாயி அரை மில்லிமீட்டருகூட வராது, தையலூசி முனையில குத்துனாப் போதும். என்னது, உன்ற பிளேன்ல அந்த எடமே மொழுமொழுன்னு இருக்குதா? அப்படியா? நல்லாத் தடவிப் பாரு. கெடைக்கலியா? செரி செரி, பொறவு பேசிக்கலாம்.

இப்ப நெறத்துக்கு வா. நான் நாப்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன். காங்கேயங் கன்னு பொறக்கறப்ப செவலையாட்டம் இருக்கும். ஆறு மாசம் போனா வெளுத்து மயிலையாகும். காளையாச்சுன்னா திமிலுங் கழுத்துங் கறுத்துக்கும். காயடிச்சுட்டா மறுபடி வெளுக்கும். ஒரே மாடுதான். சந்தையில ஒருத்தன் "அந்த மாடு என்ன நெறம்?"னு கேட்டா, "எந்த வயசுல?"னு திருப்பிக் கேக்கறவந்தான் தரகன். நேட்டும் அப்படியேதான். 1965 போட்டோவுல வெறுந்தகடு வெள்ளியாட்ட மினுங்குது. பொறவு பச்சையும் மண்ணுமாப் பூசுனதும் உண்டு. போர் நெருங்கறப்ப தளத்துல இருக்கறவங்க கைக்குக் கெடைச்ச பெயின்ட்ட வெச்சுப் பூசுனா, ஒண்ணாட்ட ஒண்ணு இருக்குமா? கறுப்பு வெள்ளைப் போட்டோவுல பச்சையும் காவியும் ஒரே சாம்பலாத் தெரியும். அதைய வெச்சுக்கிட்டு நீ டப்பாவுல இருக்கற நம்பர் சொல்லி ராத்திரி பன்னெண்டு மணிக்கு உன்ற சிநேகிதங்கூட போன்ல ஓரியாட்டம் பண்றே.

ஓவியத்த நம்பாதே கண்ணு. அதுல மேகம் அழகா இருக்கும், சேபர் பொகையோட விழும். வரைஞ்சவன் அன்னைக்கு அங்க இல்லை. பீடத்து மேல நிக்கற பிளேனையும் சட்டுனு நம்பிராதே. வருசா வருசம் பெயின்ட் அடிக்கற கையி வேற வேற. அதுல இன்னொரு வெனை, நேட்டுன்னு நெனைச்சு நீ சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தது அஜீத்தா இருக்கும். நம்ம நாட்டுல பிளேன் செய்யற எச்ஏஎல்காரங்க நேட்டையே சீர் பண்ணி, பெட்ரோல றெக்கைக்குள்ள அடைச்சு, வெளிய ஆயுதந் தூக்க எடம் உட்டுச் செஞ்சதுதான் அஜீத். அண்ணந் தம்பி சாடைதான். அண்ணனப் பாத்துத் தம்பிக்குச் சட்டை தெச்சா ஆகுமா? டில்லிப் பாலத்துல விமானப்படை அருங்காட்சியகம் இருக்குது, நேட்டு அங்க நிக்குது. இன்னொண்ணு எங்க நிக்குது தெரியுமா? கராச்சியில. 1965 செப்டம்பர் 3-ந் தேதி நம்ம காளை ஒண்ணு அவங்க பஸ்ரூர்ல போயி எறங்கிருச்சு. புடிச்சுக் கட்டி, இன்னைக்கும் பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்துல வெச்சிருக்கறாங்க. கோவமா? கோவப்பட்டுட்டு, அந்தப் போட்டோவயும் பாத்துரு. பங்காளி ஊட்டுத் தொண்டுப்பட்டியில கட்டியிருந்தாலும் சுழி சுழிதான்.

பங்காளின்னதும் ஞாபகம் வருது. அடுத்ததா அபிநந்தன் ஓட்டுன மிக்-21 பைசன் செய்யப் போறேன்னியே. நம்ம தமிழ்நாட்டுப் பையன், செய்யி. 2019 பிப்ரவரி 27, பாகிஸ்தான்கூட வானத்துல நடந்த சண்டை. ஆனா அதுல எத்தனை ஏவுகணை மாட்டுவே? நம்ம பக்கம், எஃப்-16 ஒண்ண அவரு சுட்டு வீழ்த்துனாருன்னு சொல்லி, 2021-ல வீர் சக்ராவும் குடுத்தாச்சு. அவங்க பக்கம், நாலு ஏவுகணையோட தலையும் எங்க கையில இருக்குது, அவரு ஒண்ணையும் சுடலைன்னு படம் போட்டுக் காட்டுனாங்க. நீ மூணு மாட்டுனா அவங்க ஆளு சண்டைக்கு வருவான், நாலு மாட்டுனா நம்மாளு உன்னயத் தேசத்துரோகின்னுவான். நான் ஒரு வழி சொல்லட்டுமா? பறக்கற மாதிரி செய்யாதே. சக்கரத்த எறக்கி, ஓடுதளத்துல நிக்கற மாதிரி செய்யி. கெளம்பறப்ப நாலு இருந்துச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க. நாப்பது வருசத் தரகு சும்மாவா?

அடையாளம் ஒட்டறது இருக்குதே, அங்கதான் உன்ற அவசரம் சந்தி சிரிக்குது. நேத்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சின்னத் தட்டத்துல தண்ணி. வட்டத்த வெட்டிப் போட்டே. அரை நிமிசம் ஊறறதுக்குள்ள போன் வந்துச்சு. பேசி முடிச்சு வந்து பாத்தா, வட்டம் காயிதத்த உட்டு நழுவித் தண்ணியில மெதக்குது, உள்பக்கமா சுருண்டு, பூனைக்குட்டி காதாட்டம். அதைய விரல்ல தூக்குனே. விரல்லயே ஒட்டிக்கிச்சு. இப்ப இந்திய விமானப்படை உன்ற ஆள்காட்டி விரல்ல இருக்குது. தண்ணியில ஒரு வாட்டி முக்கி வெளிய வெச்சுட்டு, தானா நகரற வரைக்கும் வாய மூடிக் காத்திரு. ஒட்டற எடம் முன்னாடியே வழவழப்பா வார்னிசு பூசியிருக்கோணும். சொரசொரப்பு மேல ஒட்டுனா அடியில காத்து நின்னு வெள்ளை வெள்ளையாத் தெரியும், தேமலாட்டம்.

வட்டத்துல வெளிய காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை. கொடி ஞாபகத்துல அசோகச் சக்கரத்த வெச்சராதே. சக்கரம் போட்டது 1950-க்கு முந்திக் கொஞ்ச காலம். நேட்டு வந்ததே 1958-ல. வால்ல ஒட்டற பட்டையில எந்த நெறம் முன்னாடி வருதுனு போட்டோவப் பாத்து ஒட்டு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே துண்ட ஒட்டுனா ஒரு பக்கம் தலைகீழா நிக்கும். அப்புறம் "சேபர் ஸ்லேயர்"னு மூக்குல எழுதலாமானு கேட்டே. அது நேட்டுக்கு ஊரு வெச்ச பட்டப்பேரு. என்னயக்கூடச் சந்தையில "ரெண்டு பல்லு"ம்பாங்க. அதைய நெத்தியில பச்சை குத்திக்கிட்டா திரியறேன்?

தலைக்கு மேல போற சத்தத்தையுங் கொஞ்சங் கேளு. நம்ம சூலூரு தளத்துக்கு மொதல்ல தேஜஸோட வந்தது 45-ம் அணி. 2020 மே 27-ந் தேதி, 18-ம் அணி தேஜஸோட இங்கதான் மறுபடி எந்திரிச்சுது. பின்னால வந்த அந்த 18-ம் அணி பிளேனுக்கு மூக்குக்கு வலப்பக்கம் வானத்துலயே பெட்ரோல் குடிக்கற குழாயி உண்டு, மொதல்ல வந்ததுக்கு இல்லை. தேஜஸ் பொட்டி வாங்குனா அணி நம்பரும் குழாயும் ஒத்துப் போகுதானு பாக்கோணும். அந்த 18-ம் அணி யாரோட அணி தெரியுமா? சேகோனோட அணி. நேட்டு போச்சு, நடுவுல மிக்-27 வந்துச்சு, அதும் போச்சு, இப்ப தேஜஸ். அதனாலதான் இந்தக் கெழவன் உன்ற பிளேன்ல இத்தனை மூக்க நுழைக்கறேன்.

பீரங்கி ஓட்டை இன்னுங் கெடைக்கலியா? கெடைக்காது. மொத நாளே சொல்லியிருப்பேன். நீ பாதி வெலைக்குச் செகப்புப் பொட்டி கெடைச்சுதுனு குதிச்ச குதியப் பாத்துட்டு, சந்தோசத்தக் கெடுப்பானேன்னு சும்மா இருந்தேன். பல்லப் புடிச்சுப் பாக்காம மாடு ஓட்டியாந்திருக்கறே கண்ணு. அது இங்கிலீசுக்காரன் பயிற்சிக்கு வெச்சிருந்த நேட்டு. ரெட் ஆரோஸ்னு செகப்புப் பெயின்ட்டோட 1965-ல இருந்து 1979 வரைக்கும் வித்தை காட்டுனாங்களே, அது. அதுக்குப் பீரங்கியே கெடையாது. றெக்கை வீச்சு ஏழே கால் மீட்டருக்கு மேல. சேகோனோடது ஆறே முக்காலுக்குக் கிட்ட. உன்ற அளவுல அதுவே எட்டு மில்லிமீட்டரு வித்தியாசம், உப்புத்தாள் போட்டுத் தேச்சாப் போகாது. ஒடம்பும் நீளம். கண்ணாடிய எடுத்து உள்ள எண்ணிப் பாரு. ரெண்டு இருக்கை.

அவரோடது ஒத்த இருக்கை நேட்டு. அந்தப் பொட்டியுந் தனியா விக்கறாங்க. ஃபின்லாந்துக்காரங்க வெச்சிருந்த நேட்டுல கேமரா மூக்கு வெச்சதும் உண்டு, அதைய வாங்கிட்டு வந்து நிக்காதே. இதுக்குச் செகப்பே அடிச்சு உன்ற தங்கச்சிக்குக் குடுத்துரு, பீரங்கி எங்கேனு அவ கேக்கமாட்டா. அந்த நாலு ஏவுகணைய மட்டும் இக்கட்ட குடு, உங்கப்பத்தா பாக்கறதுக்கு முந்தி நான் காது கொடையறதுக்கு வெச்சுக்கறேன்.